ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள்

கிலோ அறுபது என்றான் தேசிங்கு.
ஹாம்பர்க்கில் ஏற்றிய கன்டெய்னர்,
ஹார்பரில் ஏழு மாதம் உப்புக்காற்று குடித்துவிட்டு
கொடுங்கையூர் குடோனில் வந்து கொட்டியது.
மிக்ஸி மோட்டார்களுக்கு அடியில்
இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள்,
இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய்.
மூன்றே முக்கால் கிலோ.
பேரம் பேசத் தோன்றவில்லை.

வெளியே ஒரே முகம் இரண்டுக்கும்.
பாட்டுச் சில்லுக்கு மட்டும் வயது வேறு.
மூத்தது பன்னிரண்டு வோல்ட் கேட்கும்,
இளையதற்கு ஒன்பது.
மாற்றி ஊட்டினால் இளையது போய்விடும்.

சில்லுக்குக் கொடுத்த குரல் மூன்று.
நான்காவது யாரும் கொடுக்காதது.
ஒலியளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும்
ஸ்பீக்கரில் ஒரு சின்ன 'டக்'.
உள்ளே எங்கோ கொஞ்சம் மின்னழுத்தம் கசிகிறது,
பிழை.
யாரோ அந்த டக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.
நொடிக்கு நாலாயிரம் தடவை ஏற்றி இறக்கினால்
மேளம் அடிக்கும், இருமும், ஆள் பேசும்.
மௌனத்திலிருந்து கத்தல் வரைக்கும்
பதினாறே படி.
எங்கள் மாடிக்கே பதினெட்டு.

இளையதில் கசிவை அடைத்துவிட்டார்கள்.
சுத்தமான சில்லு.
அதே புரோகிராமை ஓடவிட்டால்
மூன்று குரலும் பளிச்சென்று பாடும்,
நான்காவது மட்டும்
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி
சுவருக்கு அந்தப் பக்கம்.

மூத்தது செத்துத்தான் வந்திருந்தது.

இருபத்தாறாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே
ஒரு ரெசிஸ்டர் போதும்:
ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள்.
கொருக்குப்பேட்டை கேட் பக்கம்
செல்போனுக்குப் பழுது பார்த்துப் பிழைக்கிறவள் நான்.
பழுது வைப்பதற்காக
சால்டரிங் அயர்ன் சூடு பண்ணியது
அன்றைக்குத்தான்.

பேச வைக்க ஒரு குரல் வேண்டுமே.
மேல்மாடி மரியபுஷ்பம் விடிகாலையில் போட்ட கூப்பாடு
போனில் கிடந்தது, இரண்டு நொடி.
பதினாறு படிக்குள் இறுக்கி
கேசட் வயர் வழியாக ஊற்றினேன்.
நாலாயிரம் பைட் உள்ளே போக
ஒன்றரை நிமிஷம்.
அதற்குள் கேட் போட்டு
ஒரு முழு கூட்ஸ் வண்டி போய்விட்டது.

ராத்திரி பத்தே கால்.
ரிட்டர்ன் பொத்தானை அழுத்தினேன்.

"தண்ணி வண்டி வந்துச்சேய்!"

மணல் கலந்த குரல், தகர டப்பாவுக்குள்ளிருந்து.
ஆனால் மரியபுஷ்பமேதான்.
ஸ்பீக்கர் ஜன்னலைப் பார்த்து இருந்ததை
நான் கவனிக்கவில்லை.

முதலில் பச்சைக் குடம்.
பிறகு சிவப்பு, ஊதா, வாய் உடைந்த ஆரஞ்சு.
பாதிச் சோற்றில் கை கழுவாமல் இறங்கிய தாஜுதீன்.
ஒரு பையன் பக்கெட்டைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு.
தெரு முனை வரை வரிசை,
யார் முன்னால் என்று அதற்குள் தகராறு.
லாரி மட்டும் இல்லை.
வரிசையில் மூன்றாவதாக
இரண்டு குடத்தோடு
மரியபுஷ்பம்.

"நான் வாயே தொறக்கலியே, யாருடி கத்துனது?"

மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன்.
"சே, என் தொண்டை இப்டியா கரகரன்னு கீது?"
தெருவே சொன்னது: "அதேதான்க்கா."
அவள் யாரையும் பார்க்காமல்
ஒரு குடத்தை இடுப்பு மாற்றினாள்.

இந்தச் சில்லின் அறைகள் முக்கால்வாசி
உண்டியல் மாதிரி.
போடலாம், எடுத்துப் பார்க்க முடியாது.
கடைசியாக எந்தப் படியில் நிறுத்தினேன் என்று
அதையே கேட்டால் சொல்லாது.
மூன்றாம் குரலின் அலையை மட்டும் எட்டிப் பார்க்கலாம்.
நான்காவதற்கு அந்த ஜன்னலும் இல்லை.

கூட்டம் கலைய பதினொன்று.
குடங்களை யாரும் எடுத்துப்போகவில்லை,
காலையில் இடம் பிடிக்க அப்படியே வரிசையில் கிடந்தன.
மாடியிலிருந்து மரியபுஷ்பம் இறங்கி வந்தாள்,
பதினெட்டுப் படி.

"இன்னொரு தபா போடு.
மெதுவா."